அச்ச அளவீட்டு வாரியமும் ஒரு திருப்புளியும்

"ஒரே ஒரு திருகாணி, மாப்ள. அதையும் முழுசாத் திருப்பல, அரைச் சுத்துதான். மூணு மாடிக் கட்டடம், உள்ள நூத்திப் பன்னண்டு அதிகாரிங்க, அத்தனையும் பொத்துனு உட்கார்ந்துடுச்சு. நான் சட்டையத் தட்டிக்கிட்டு அஞ்சு மணி ரயிலப் பிடிச்சு வந்துட்டேன்."

இதைச் சொன்னவர் ஒரு தராசுக்காரர். கடைகடையாகப் போய்த் தராசுகளைச் சீர்செய்து கொடுப்பது அவர் தொழில். சொன்ன இடம் கண் மருத்துவமனையில் பெண்கள் பிரிவு, நாலாம் எண் கட்டில், அதன் பக்கத்து முக்காலி. சொன்ன நேரம் காலை ஒன்பது. சொன்ன வாயில் முன்பற்கள் நான்கைக் காணவில்லை.

கேட்டவர் அவருடைய தங்கையின் கணவர். காப்பீட்டு நிறுவனத்தில் இருபத்தாறு வருடம் விசாரணையாளராக இருந்தவர். எரிந்துகொண்டிருக்கும் கிடங்கின் முன்னால் நின்று "இது தீதான்னு எப்படிச் சொல்றீங்க?" என்று கேட்டவர். துக்க வீட்டுக்குப் போய், இறந்தவரிடம் தனியாக இரண்டு கேள்வி கேட்க அனுமதி கோரியவர்.

"மச்சான், உங்க காயமே சொல்லுது. இடது தோள், முட்டி, மூக்கு. இது படிக்காயம். ரயில் படியில வழுக்கி விழுந்திருக்கீங்க. நான் இந்த மாதிரி நானூறு பார்த்திருக்கேன்."

"படியில விழுந்தா முதுகுல செருப்புத் தடம் எப்படி வரும்?"

"பின்னாடி வந்தவன் மிதிச்சிருப்பான்."

"பதினோரு செருப்பா?"

"கூட்டம் அதிகமா இருந்திருக்கும்."

கட்டிலில் இரண்டு கண்ணும் கட்டிக் கிடந்த தங்கை சிரித்தாள். "அண்ணா, உன் குரலே வீங்கியிருக்கு. அவர் கிடக்கட்டும், நீ சொல்லு."

அவளுக்குத்தான் இத்தனையும். இரண்டு வருடமாகப் பார்வை மங்கி, போன வாரம் அறுவை முடிந்து, இன்று பத்து மணிக்குக் கட்டுப் பிரிக்க வேண்டும். "பிரிச்சதும் எங்க அண்ணன் மூஞ்சிதான் முதல்ல தெரியணும். அவர் வராம யாரும் என் கட்டுல கை வைக்கக் கூடாது" என்று மருத்துவரிடம் சொல்லிவிட்டாள். ஒரு நாள் தள்ளினால் சீழ் வைத்துக் கண்ணே போய்விடும் என்றார் மருத்துவர். போனால் போகட்டும் என்றாள். பிடிவாதத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அதனால்தான் தராசுக்காரர் முந்தாநாள் கடிதம் கண்டதும் கையிலிருந்த தராசைப் பாதியில் போட்டுவிட்டுக் கிளம்பினார். கிளம்பின இடத்தில்தான் வாரியம் குறுக்கே நின்றது.

நான்கு வருடத்துக்கு முன் தங்கையின் ஊரில் மூன்று பேருக்குக் கொக்குக் காய்ச்சல் வந்தது. ஒரு காலில் வலி. ஆகவே மறு காலில் நின்றார்கள். மூன்றாம் நாள் மூவருக்கும் சரியாகிவிட்டது. ஒருவர், ஒற்றைக்காலில் நிற்பது பழகிவிட்டதே என்று நடனம் கற்றுக்கொள்ளப் போனார். இதன் விளைவாகத் தராசுக்காரரின் ஊரில் பயண அச்ச அளவீட்டு வாரியம் நிறுவப்பட்டது. அதன் கொள்கை எளிமையானது. நோயைப் பற்றி உரிய பயம் இல்லாதவன் வெளியூர் போனால் நோயை வாங்கி வருவான். பயம் மிஞ்சியவன் போனால் வழியெல்லாம் அலறி அடுத்தவனையும் கெடுப்பான். எனவே பத்துக்கு ஆறிலிருந்து ஏழுக்குள் பயம் உள்ளவருக்கு மட்டும் பயணச் சான்று. இந்த நான்கு வருடத்தில் சான்று வாங்கியவர் எவருமில்லை. வாரியம் இதைத் தன் முதல் சாதனையாக வாசலில் எழுதி வைத்திருந்தது.

நேற்றுப் பகல் ஒரு மணிக்குத் தராசுக்காரர் வரிசையில் நின்றார். முன்னால் நின்ற பள்ளி ஆசிரியருக்குக் காலில் மாவுக்கட்டு.

"என்னங்க, விபத்தா?"

"விபத்தில்ல. போன வாரம் எனக்கு நாலரைதான் வந்துச்சு. ஆறு ஆக்கணும்ல?" என்றார் ஆசிரியர் பெருமையாக. "இன்னிக்கு வந்துடும்னு நினைக்கிறேன். வாசலைப் பார்த்ததுமே வயித்தக் கலக்குது."

உள்ளே நாற்காலி ஒன்று, மேடை மேல் இருந்தது. மார்பில் ஒரு தோல்வார், பக்கத்தில் வட்ட முகப்பு, அதில் கீழே பத்திலிருந்து மேலே பத்து வரை கோடுகள். தராசுக்காரருக்கு அதைக் கண்டதும் சொந்தக்காரரைக் கண்ட மாதிரி இருந்தது. ஆனால் அடுத்த கணமே முகம் சுருங்கியது. நாற்காலி காலி. முள்ளோ பூஜ்யத்துக்குக் கீழே ஒன்பதில் நின்றது. சும்மா இருக்கும் தராசின் முள் பூஜ்யத்தில் நிற்காவிட்டால் அவருக்கு உடம்பெல்லாம் அரிக்கும். அவர் கல்யாணத்தன்று சீர் கொண்டுவந்த மளிகைக்காரரின் தராசைத் திருத்தப் போய், முகூர்த்தம் தவறியது.

"அம்மா, உங்க முள் தப்பா நிக்குது" என்றார், முள் பார்க்கும் எழுத்தர் அம்மாளிடம்.

"அது இயக்குநர் பூஜ்யம்."

"அப்படின்னா?"

"தினம் காலைல இயக்குநர் வந்து உட்காருவார். அவருக்குப் பயமே கிடையாதுன்னு அரசாணையில இருக்கு. அதனால அவர் உட்காரும்போது முள் எங்க நிக்குதோ அதைப் பூஜ்யம்னு திருகி வெச்சிடுவோம்."

"அப்ப அவருக்கு ஒன்பது பயம் இருக்குன்னுதானே அர்த்தம்?"

அம்மாள் சுற்றுமுற்றும் பார்த்தாள். "அர்த்தமெல்லாம் மேல்மாடியில. நீங்க உட்காருங்க."

உட்கார்ந்தார். கீழே எட்டு. அம்மாள் உச்சுக்கொட்டி, கைமணியை அடித்தாள். ஓய்வுபெற்ற மல்லர்கள் நால்வர் வந்து அவரைப் பூனைக்குட்டி மாதிரி தூக்கிக்கொண்டு போனார்கள்.

அச்சமூட்டும் பிரிவின் அதிகாரி மேசையைத் துடைத்து வைத்திருந்தார். கண்ணியமான மனிதர்.

"கொக்குக் காய்ச்சல்னா முதல்ல மூட்டு வலிக்கும்" என்றார். "முன்னல்லாம் வாயாலதான் விளக்குவோம். மக்கள் கொட்டாவி விட்டாங்க. அதனால இப்ப செயல்முறை விளக்கம் மட்டும்தான்."

கையைக் காட்டினார். மல்லர்கள் தராசுக்காரரின் வலக்கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், இடது காதைத் தொடவைத்தார்கள்.

"அடுத்தது தலைவலி." கொக்குக் காய்ச்சல் பற்றிய வாரியத்தின் அறிக்கை, மூவாயிரம் பக்கம், தோல் அட்டை, பித்தளை முனை, உயரத்திலிருந்து உச்சந்தலையில் இறங்கியது.

"தலைசுத்தல்." இரும்பு டிரம்முக்குள் போட்டு மூன்றாம் மாடிப் படியிலிருந்து உருட்டிவிட்டார்கள். கீழே ஒருவர் டிரம்மை நிறுத்தி, "எந்தப் பக்கம் மேல்?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.

"மூச்சுத்திணறல்." தண்ணீர்த் தொட்டி.

"கடைசியா ஒத்தைக்கால்." இடதுகாலைக் கயிற்றில் கட்டி உத்தரத்தில் ஏற்றினார்கள்.

"ஐயா, நோயாளிங்க நின்னாங்க. நான் தொங்கறேன்!"

"திசைதான் வித்தியாசம். கால் ஒண்ணுதானே?"

"ஒரு நிமிஷம்" என்று முக்காலிக்கு எதிரே விசாரணையாளர் குரல் உயர்த்தினார். "டிரம்முல உருட்டினதுக்கு சாட்சி யாரு?"

"டிரம்முதான் சாட்சி. என் தலை அளவுக்கு உள்ள குழி விழுந்திருக்கு."

"குழி முன்னாடியே இருந்திருக்கலாம்."

"என்னங்க, கொஞ்சம் வாயை மூடிட்டு இருங்களேன்" என்றாள் தங்கை. "நீ சொல்லு அண்ணா. எவ்வளவு வந்துச்சு?"

எட்டு வந்தது. மேலே எட்டு. அம்மாள் வருத்தப்பட்டாள். "அடடா, ஒரு புள்ளி கூடப் போச்சே. கை கொஞ்சம் பதமா இருந்திருக்கக் கூடாதா?" மணியை இரண்டு தடவை அடித்தாள். எதிர் அறைக் கதவு திறந்தது. தைரியமூட்டும் பிரிவு.

அங்கிருந்த அதிகாரி அன்பே உருவானவர். தராசுக்காரரின் கன்னத்தைத் தடவிக்கொடுத்தார்.

"பயம் எதனால வருது சொல்லுங்க? அடி விழுமோன்னு நினைக்கிறதால. விழுந்துட்டா? அப்புறம் எதுக்குப் பயப்படப் போறீங்க?"

தத்துவத்தில் குறை சொல்ல முடியாது. வேறு நால்வர் அதை நடத்திக் காட்டினார்கள். முன்பற்கள் நான்கும் இங்கேதான் விடைபெற்றன. வெளியே வரும்போது அவருக்கு உண்மையிலேயே எதைப் பற்றியும் பயமில்லை, எதைப் பற்றியும் ஒன்றுமில்லை. முள் கீழே நான்கு. அம்மாள் ஒரு தடவை மணி அடித்தாள்.

இப்படிப் பதினேழு தடவை அச்சம், பதினாறு தடவை தைரியம். நாலே கால் மணிக்குள் டிரம்முக்குள் எப்படிச் சுருண்டால் கழுத்து தப்பும் என்பதில் அவர் தேர்ந்துவிட்டார். நடைவழியில் புதுச் சிக்கல் ஒன்று. வருட முடிவு அறிக்கையில் எந்தப் பிரிவு எத்தனை பேரைக் கையாண்டது என்று எழுத வேண்டுமாம். அச்சக்காரர்கள் அவர் கால்களைப் பிடித்தார்கள், தைரியக்காரர்கள் கைகளைப் பிடித்தார்கள். நடுவில் அவர் ஒரு அங்குலம் வளர்ந்தார்.

"எங்க ஆளுடா இவரு!"

"உங்க ஆளா? பல்ல யாரு எடுத்தது?"

"முட்டிய யாரு பெயர்த்தது?"

கூச்சல் கேட்டு இயக்குநர் இறங்கி வந்தார். மூக்கிலும் வாயிலும் மூன்று முகமூடி, முழங்கை வரை உறை, முன்னால் இரண்டு பணியாளர்கள் காற்றைத் துணியால் துடைத்துக்கொண்டே வந்தார்கள். படியில் நின்றபடி பேசினார். எல்லாரும் அடிப்பதை நிறுத்திக் கேட்டார்கள்.

"நண்பர்களே, நாலு வருஷமா இந்த ஊர்லேர்ந்து ஒருத்தர்கூட அங்க போய்க் காய்ச்சல் வாங்கிட்டு வரல. இந்தக் கட்டடத்துக்குள்ள இதுவரைக்கும் எண்ணூத்தி நாற்பது எலும்பு உடைஞ்சிருக்கு. எல்லாமே உள்ளூர் எலும்பு! நம்ம கையால உடைஞ்சது! வெளியூர் நோயால ஒரு சுண்டுவிரல்கூட உடையல. இதே இவங்கள்லாம் பயணம் போயிருந்தா என்ன கதி ஆகியிருக்கும், கொஞ்சம் நினைச்சுப் பாருங்க!"

கை இருந்தவர்கள் தட்டினார்கள். மற்றவர்கள் மாவுக்கட்டைச் சுவரில் மோதினார்கள். ஆசிரியர் கண்ணீர் விட்டார். அவருக்கு ஐந்தரை வந்திருந்தது.

"ஐயா" என்றார் தராசுக்காரர், எட்டு மல்லர்களுக்கு நடுவில் கிடையாக இருந்தபடி. "அந்தக் காய்ச்சல்ல எத்தனை பேர் செத்தாங்க?"

"யாரும் சாகல. அதுதான் பயங்கரம்! இதுவரைக்கும் கொல்லாத நோய் இனிமே எத்தனை பேரைக் கொல்லும்னு யாருக்குத் தெரியும்?"

மணி நாலு இருபது. ஐந்துக்கு ரயில். அதைவிட்டால் நாளை மாலைதான். தராசுக்காரர் தொங்கியபடியே தங்கையை நினைத்தார். பத்து மணி அடிக்கும், மருத்துவர் கத்தரியோடு வருவார், அவள் கட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு "அண்ணன் வரட்டும்" என்பாள். சின்ன வயதில் காய்ச்சலுக்குக் கசாயம் குடிக்க மாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தவள். பல்லைத் திறக்க அவர் ஒருவரால்தான் முடிந்தது. அன்று பகல் முழுக்க அடிவாங்கியபோது வராத நடுக்கம் அவருக்கு அப்போது வந்தது.

மல்லர்கள் அவரை மறுபடி நாற்காலியில் போட்டார்கள். கீழே இரண்டரை.

"இன்னும் எட்டரை ஏத்தணும்" என்று அம்மாள் மணியை எடுத்தாள்.

"அம்மா, ஒரு நிமிஷம். நான் எழுந்துக்கறேன். காலி நாற்காலியப் பாருங்க."

எழுந்தார். முள் கீழே ஒன்பதுக்குப் போய் நின்றது. அவர் உடம்பு அரித்தது. இத்தனை அடிக்கும் விழாமல் அவர் இடுப்பு வாரில் ஒரு திருப்புளி செருகியிருந்தது. முகப்புக்குக் கீழே, அவர் எதிர்பார்த்த இடத்திலேயே, அந்தத் திருகாணி. அரைச் சுற்று. முள் மெதுவாக ஏறி, பூஜ்யத்தில் வந்து, பெருமூச்சு விட்ட மாதிரி நின்றது. மறுபடி உட்கார்ந்தார்.

ஆறரை.

அம்மாள் கையிலிருந்த மணி கீழே விழுந்தது. நான்கு வருடமாகத் திறக்காத சான்று அலமாரியைக் கடப்பாரையால் பெயர்த்தார்கள். உள்ளே அச்சடித்த சான்றுகள் இருந்ததே பலருக்கு அன்றுதான் தெரிந்தது. ஒன்றில் அம்மாள் "ஆறரை" என்று எழுதினாள்.

"ஆனா ஒரு விதி இருக்கு" என்றாள். "முதல் சான்று கொடுக்கும்போது இயந்திரம் சரியா இருக்கான்னு இயக்குநர் உட்கார்ந்து காட்டணும்."

இயக்குநர் நாற்காலியைப் பார்த்தார். நாற்காலிக்குப் பின்னால், பழக்கத்தில், எட்டு மல்லர்களும் வரிசையாக வந்து நின்றிருந்தார்கள். "காலைலதானே உட்கார்ந்தேன்?" என்றார். விதி என்றார்கள். உட்கார்ந்தார்.

முள் பத்தைத் தாண்டியது. முகப்பை மூன்று சுற்று சுற்றியது. பிறகு அச்சாணி தெறித்து, கண்ணாடியைப் பிய்த்துக்கொண்டு பறந்து, அச்ச அதிகாரியின் காது மடலைக் கதவோடு சேர்த்துத் தைத்தது.

தைரிய அதிகாரி கண் கலங்கினார். "ஐயா, ஏழுக்கு மேல போனா யாரா இருந்தாலும் எங்க அறை. 'யாரா இருந்தாலும்'னு நீங்கதான் கையால எழுதினீங்க."

மல்லர்கள் படித்தவர்கள் அல்ல. ஆனால் விதி தவறாதவர்கள். இயக்குநரைத் தூக்கினார்கள். காது மடலைக் கதவோடு விட்டுவிட்டு அச்ச அதிகாரி பாய்ந்து வந்தார். மேலதிகாரியை எதிர்ப்பிரிவு கையாள்வதா? அறிக்கை பறந்தது, மூவாயிரம் பக்கம். வாங்கியவர் மேசையைத் திருப்பி அனுப்பினார். மூன்று மாடியிலிருந்தும் எழுத்தர்கள், கண்காணிப்பாளர்கள், துணை இயக்குநர்கள் எல்லாரும் இறங்கி வந்தார்கள். யார் எந்தப் பிரிவு என்று கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லாததால் எல்லாரும் எல்லாரையும் அடித்தார்கள். நாற்காலிக் கால், தட்டச்சுப் பொறி, மாவுக்கட்டு, முத்திரைக் கட்டை. ஆசிரியர் நான்கு வருடச் சம்பளத்தை ஒரே நாளில் வாங்குபவர் போல, ஊன்றுகோலால் இரண்டு பக்கமும் பெருக்கிக்கொண்டு போனார். மூச்சுத்திணறலுக்கு வைத்திருந்த தண்ணீர்த் தொட்டிகள் மேல்மாடியில் பெயர்ந்து, படியில் உருண்டு, நடுத்தூணில் ஒன்றன்பின் ஒன்றாக முட்டின. நான்காவது முட்டலில் தூண் முழங்காலை மடக்கியது.

தராசுக்காரர் சான்றைப் பல்லில், அதாவது ஈறில், கடித்துக்கொண்டு டிரம்முக்குள் சுருண்டார். பதினெட்டாவது உருளல் அவரே உருண்டது. வாசல், தெருச் சரிவு, மணல்குவியல். திரும்பிப் பார்க்கும்போது மூன்றாம் மாடி இரண்டாம் மாடியில் உட்கார்ந்தது. இரண்டாம் மாடி முதல் மாடியில் உட்கார்ந்தது. முதல் மாடி பூமியில் உட்கார்ந்தது. புழுதி அடங்கியபோது நூற்றுப்பன்னிரண்டு பேரில் ஒருவர் தவிர எல்லாரும் ஒருவர்மேல் ஒருவராக முனகிக்கொண்டிருந்தார்கள். எண்ணூற்று நாற்பது என்ற கணக்கு ஒரே நிமிடத்தில் இரண்டாயிரத்தைத் தாண்டியது. யாரும் சாகவில்லை, அதுதான் பயங்கரம்.

இயக்குநர் மட்டும் ஜன்னல் வழியாகப் பறந்து வந்து பக்கத்து மணல்குவியலில் தலைகீழாக நட்டுக்கொண்டார். பிடுங்கி நேராக வைத்ததும் தராசுக்காரர் சான்றை நீட்டினார். இயக்குநர் கையெழுத்துப் போட்டார். சான்றை நீட்டிய கையை விடவில்லை.

"நானும் வரேன்."

"அங்க கொக்குக் காய்ச்சல் இருக்குங்க ஐயா."

"இருக்கட்டும்! ரெண்டு காலுக்கும் வரட்டும்! என்னைக் கூட்டிட்டுப் போயிடுங்க!"

ரயில் நகர்ந்தபோது இயக்குநர் நடைமேடைக் கோடி வரை ஓடி வந்தார் என்று தராசுக்காரர் கதையை முடித்தார்.

விசாரணையாளர் கையை நீட்டினார். "சான்று?"

"சீட்டுப் பரிசோதகர் வாங்கிப் பார்த்தார். அவருக்கு அப்படி ஒண்ணு இருக்கிறதே தெரியாது. ஜலதோஷம் பிடிச்சிருந்தார் பாவம். அதுலயே மூக்கைச் சிந்திட்டார்."

"ஆக, சான்று இல்ல, சாட்சி இல்ல, கட்டடமும் இல்ல." விசாரணையாளர் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். இருபத்தாறு வருடத்தில் அவர் முகம் இவ்வளவு மலர்ந்ததில்லை. "மச்சான், அந்த வாரியத்துக்கு இந்த ஊர்லயும் போன மாசம் ஒரு கிளை திறந்திருக்காங்க. எதிர்த் தெருவுலதான். நேராப் போய், 'நீங்க ஆளுங்களை அடிக்கிறது உண்மையா'ன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு வரேன். பத்து நிமிஷம்."

"மாப்ள, வேணாம்."

"ஏன், பயமா இருக்கா?"

"உங்களுக்கு இல்லையேன்னுதான் பயமா இருக்கு."

"எனக்கா? பயமா? எனக்கு எதைக் கண்டும் பயமில்ல" என்று சொல்லிவிட்டு, படியில் இரண்டிரண்டாக இறங்கிப் போனார்.

பத்து மணிக்கு மருத்துவர் கத்தரியோடு வந்தார். தங்கை அண்ணன் கையைத் தேடிப் பிடித்து, அதில் எத்தனை விரல் நேராக இருக்கிறது என்று தடவிப் பார்த்துவிட்டு, "இப்பப் பிரிங்க" என்றாள். துணி சுற்றுச் சுற்றாக வந்தது. பஞ்சு எடுக்கப்பட்டது. அவள் இமைகள் நடுங்கி, ஒட்டி, பிரிந்தன.

வெகுநேரம் பார்த்தாள்.

"டாக்டர், எனக்குப் பார்வை சரியாகல போலிருக்கு. எங்க அண்ணன் மூக்கு இடது பக்கமாத் தெரியுது."

மருத்துவர் குனிந்து தராசுக்காரரைப் பார்த்தார். "சரியாத்தான் தெரியுதும்மா. துல்லியமாத் தெரியுது."

அப்போதுதான் அவள் அழுதாள். கண்ணீர் படக்கூடாது என்று மருத்துவர் பதற, அவள் அழுதுகொண்டே அண்ணனின் வீங்கிய கன்னத்தில் ஓர் அறை விட்டாள். "இவ்வளவு அடி வாங்கிட்டா வருவ? ஒரு நாள் கழிச்சு வந்தா என்ன?"

"கண்ணு போயிருக்குமேடி."

"போனாப் போகுது!" என்றவள், அந்தக் கன்னத்தையே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

வெளியே சக்கரம் உருளும் ஓசை கேட்டது. பணியாளர் இருவர் தள்ளுகட்டிலில் ஒரு வெள்ளைப் பொதியைக் கொண்டுவந்து ஐந்தாம் எண் கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். தலை முதல் பாதம் வரை கட்டு. ஒரு கால் மட்டும் உயரத் தூக்கிக் கட்டியிருந்தது. இது பெண்கள் பிரிவு என்று செவிலி சத்தம் போட்டாள். எலும்பு மருத்துவமனையிலும் இங்கே ஆண்கள் பிரிவிலும் காலையிலேயே இடம் தீர்ந்துவிட்டதாகச் சொன்னார்கள்.

"யாரு அண்ணா அது?" என்றாள் தங்கை, புதுக் கண்ணைச் சுருக்கி.

பொதியில் வாய் இருக்க வேண்டிய இடத்தில் துணி மெல்ல அசைந்தது.

"மச்சான்…"

தராசுக்காரர் நொண்டிக்கொண்டு போய்க் குனிந்தார். "மாப்ள! எவ்வளவு வந்துச்சு?"

"முதல்ல கீழ பத்து. சிரிச்சுட்டே உட்கார்ந்தேன்." மூச்சு வாங்கியது. "அறிக்கை… மூவாயிரம் பக்கம்னு சொன்னீங்களே…"

"ஆமா."

"இங்க ரெண்டாம் பதிப்பு. நாலாயிரத்து இருநூறு." அடுத்த வார்த்தை, இருபத்தாறு வருடம் எந்தக் கோப்பிலும் எழுதாதது என்பதால், வெளியே வரச் சிரமப்பட்டது. "நீங்க கொஞ்சம் குறைச்சே சொல்லியிருக்கீங்க, மச்சான். நடந்ததுதான். எல்லாமே நடந்ததுதான்."